படகின் மூக்கில் ஒரு வளையம்

ஒரு வீட்டுக்குப் புதிதாகப் படகு வருகிறது என்றால் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதாம். எஞ்சின் எத்தனை குதிரைவலு? என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள்? என்ன பெயர் எழுதப் போகிறீர்கள்? எவ்வளவு முடிந்தது? படகின் முன்மூக்கில், அணியத்தில், மாட்டியிருக்கும் அந்த ஒற்றை வளையத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் கடலுக்குப் போய் வரும் ஒவ்வொரு நாளும் படகின் முழுப் பாரமும் ஏதோ ஒரு நேரத்தில் தொங்குவது அந்த வளையத்தில்தான்.

இது ஆண்களின் விடயம், நமக்கேன் என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கரையோர ஊர்களில் ஒரு படகு வாங்கும்போது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் கழுத்தும் கையும் வெறுமையாகின்றன. அடகுச் சீட்டு இருப்பது அவளுடைய அலுமாரியில். படகு பழுதாகி ஒரு மாதம் கரையில் கிடந்தால், கடைக் கொப்பியில் கணக்கு நீளுவது முதலில் தெரிவதும் அவளுக்கே. படகை இழுக்கும் நேரத்தில் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது அவள் பெற்ற பிள்ளைகள். ஆகவே, வளையத்தைப் பற்றிக் கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கிழக்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் போன்ற ஊர்களின் கரை திறந்த மணற்கரை. பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள பைபர் படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பினால் மணலில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் நொவம்பர் முதல் பெப்ரவரி வரையான மாதங்களில் இன்னும் மேலே, மரங்களின் அடிவரை இழுத்துப் போடுவார்கள். முன்பு பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்து ஏற்றினார்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் வந்து கொளுவி இழுக்கிறது. வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் மனிதன் இழுக்கும்போது படகு சிக்கிக்கொண்டால் கை தானாக நிற்கும். இயந்திரத்துக்கு அந்த உணர்வு இல்லை.

படகு ஊர் விட்டு ஊர் போவதும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்கே வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாளைய வழக்கம். படகுகள் லொறியிலும் ட்ரெயிலரிலும் ஏறிப் பயணம் செய்கின்றன. தெருவில் ஒரு குழி, ஒரு திடீர் பிரேக், ஒவ்வொன்றும் வளையத்தில் ஓர் உதறல்.

மரமும் பைபரும்

மரத் தோணிக் காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. தோணியின் மூக்கில் கனத்த மரக்குற்றி ஒன்று இருக்கும். அதில் துளைபோட்டு வளையம் மாட்டினால் மரத்தின் கனமே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். பைபர் படகு அப்படியல்ல. அது ஓர் ஓடு. பல இடங்களில் அதன் கனம் நமது சின்னவிரலின் அகலத்தைக்கூட எட்டாது. மரத்தில் பழகிய கையோடு பைபரிலும் ஒரு துளை, ஒரு போல்ட், ஒரு நட்டு என்று மாட்டிவிடுவதிலிருந்துதான் கோளாறு தொடங்குகிறது.

பைபர் என்பது கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்னும் பசையில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு இறுகச் செய்தது. பன்பாயின் இரு தலைப்பையும் இருவர் பிடித்து இழுத்தால் எளிதில் கிழியாது. அதே பாயின் நடுவில் ஒரு குச்சியால் குத்தினால் இழை விலகி ஓட்டை விழும். பைபரும் அதே குணம் கொண்டது. பரவலான இழுவையைத் தாங்கும். ஒரு புள்ளியில் விழும் இழுவையைத் தாங்காது.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். மெல்லிய துணியில் பெரிய பொத்தானைத் தைத்து இழுத்தால் நூல் அறுவதில்லை, துணிதான் கிழிந்து பொத்தானோடு கையில் வருகிறது. அதனால்தான் நல்ல தையற்காரி துணியின் பின்பக்கம் ஒரு சிறு துண்டை வைத்துத் தைக்கிறாள். படகு வளையத்துக்கும் பின்பக்கத் துண்டு வேண்டும். சொல்ல வந்த விடயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தத் துண்டை எப்படி வைப்பது என்பது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். எஞ்சின், வலை, மீன் எல்லாம் சேர்ந்து ஒரு படகு 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஈர மணலில் அதை இழுக்க அதன் பாரத்தில் ஏறத்தாழப் பாதி விசை வேண்டியிருக்கும்; அது 300 கிலோ. கரையின் ஏற்றத்துக்கு இன்னுமொரு 75 கிலோ. உழவு இயந்திரக்காரர் அவசரத்தில் வெடுக்கென்று கிளம்பினால் இது இரண்டு மூன்று மடங்காகி ஒரு தொன்னை எட்டிவிடும். சரி, 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள நல்ல துருப்பிடிக்காத உருக்குப் போல்ட் ஒன்று அறுந்துபோக எவ்வளவு வேண்டும்? ஐந்து தொன்னுக்கும் மேல். போல்ட் அறுவதற்கு வெகு முன்பே பைபர் கிழிந்துவிடும். கடைக்காரர் “இன்னும் மொத்தமான போல்ட் போடுங்க” என்று சொன்னால் அது வேறு நோய்க்குத் தரும் மருந்து.

அந்தப் போல்டின் உட்பக்கத்தில் சாதாரண வாசர் ஒன்றைப் போட்டால், அது அழுத்தும் பரப்பு மூன்று சதுர சென்ரிமீற்றர் அளவுதான். அதற்குப் பதிலாக 10 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் தகடு ஒன்றை வைத்தால் 150 சதுர சென்ரிமீற்றர். அதே இழுவை ஏறக்குறைய 50 மடங்கு பரப்பில் பகிரப்படுகிறது.

உள்ளுக்கு என்ன இருக்கிறது?

படகு செய்து முடிந்த பின் உட்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அணியத்தின் உட்பகுதி ஒடுங்கிய மூலை. கையை விட்டு வேலை செய்வதே கஷ்டம். ஆகவே அங்கு சோம்பல் புகுந்துவிடுகிறது. கேட்டால் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

“பாஸ், வளையத்துக்கு உள்பக்கம் என்ன வெச்சிரிக்கீங்க?”

“வாசர் போட்டு நல்லா இறுக்கித் தந்திரிக்கன் ராத்தா, ஒண்டுக்கும் யோசியாதீங்க.”

யோசிக்கத்தான் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, நாட்டின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதியை அழித்தும் உடைத்தும் போட்டது. அதன் பிறகு உதவிப் பணம் குவிந்தது. படகுகளும் அவசர அவசரமாகக் குவிந்தன. அவற்றுள் ஒரு பகுதி தரம் குறைந்தவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே சுட்டிக்காட்டியது. வெளியே பளபளவென்ற பூச்சு, உள்ளே மெல்லிய ஓடு. அந்தக் காலத்துப் படகு உங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், வளையத்தின் உட்பக்கத்தை ஒருமுறை ரோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, சரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம். அணியத்தின் உட்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல ஒடுங்கியிருப்பதால் தட்டையான தகடு அங்கு உட்காராது. ஆகவே முதலில் அந்த மூலைக்கு ஏற்ப ஆப்பு வடிவில் ஒரு நல்ல வைரமான பலகைத் துண்டைச் சீவிக்கொள்ள வேண்டும். மூலையில் உள்ள பழைய பெயின்ற், அழுக்கு, எண்ணெய்ப் பசை எல்லாவற்றையும் அகற்றி, கரடான மணற்தாளால் பைபர் இழை தெரியும்வரை தேய்த்து, அசெற்றோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தாம் அதிகம். தேய்க்காத மேற்பரப்பில் ஒட்டும் புதிய பைபர், எண்ணெய்த் தாச்சியில் ஒட்டிய காகிதம் போலத்தான். ஒரு நாள் முழுதாகக் கழன்று வரும்.

கண்ணாடி இழைத்தூள் கலந்த ரெசின் களியைப் பூசி, அதில் பலகை ஆப்பை அழுத்தி உட்காரவைத்து, அதன் மேல் இழைப்பாய் போர்த்த வேண்டும். சதுர மீற்றருக்கு 450 கிராம் என்ற அளவில் விற்கும் இழைப்பாய், கையால் பூசும்போது படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் கனம் தரும். ஐந்தாறு படை வேண்டும். முதற்படையைச் சிறிதாகவும் அடுத்தடுத்த படைகளை ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பெரிதாகவும் வெட்டினால் ஓரம் படிப்படியாக மெலிந்து முடியும். ஒரே அளவில் வெட்டி அடுக்கினால் ஓரத்தில் திடீரென்று ஒரு படிக்கட்டு வரும்; பாரம் விழும்போது ஓடு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூசக்கூடாது. மூன்று படை பூசி, சூடு ஆறிய பிறகு மிச்சம். நம் நாட்டு வெயிலில் ரெசின் கொதித்து வெடிப்பு விடுவது சாதாரணம்.

இறுகிய பின்னர் துளை. வெளியே ஒட்டுநாடா ஒட்டி, முதலில் மெல்லிய அலகால் துளைத்து, பிறகு பெரிதாக்கினால் மேற்பூச்சு சிதறாது. துளையின் உட்சுவரில் இழை நுனிகள் வெட்டுப்பட்டு நிற்கும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அவை தண்ணீரை உறிஞ்சும். அதற்குள்ளும் ரெசின் தடவி ஆறவிட வேண்டும். வளையம் ஒற்றைக் கால் உள்ளதாக இருந்தால் கயிறு முறுகும்போது அதுவும் சுற்றி நட்டு தளரும். இரண்டு கால் உள்ள லாடம் போன்ற வளையமே நல்லது. உட்பக்கம் மூலைகள் உருட்டப்பட்ட தகடு, அதன் மேல் வாசர், அதன் மேல் தளராத பூட்டு நட்டு.

வளையம் ஓட்டைத் தொடும் இடத்தில் பொலியூரிதேன் வகைப் பசை வைக்க வேண்டும். குளியலறைக்கு வாங்கும் சிலிக்கன் வேண்டாம். அது பட்ட இடத்தில் பின்னர் வேறு எதுவும் ஒட்டாது. நட்டை முதல் நாளே முழுப் பலத்தோடு இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி வெளியேறிவிடும். பசை சற்றுப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கி, அது ஆறிய பிறகு போல்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இன்னும் கால் சுற்றுச் சுற்ற வேண்டும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகம் உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடல் வேலைக்கு 316 என்று கேட்டு வாங்க வேண்டும். நாகம் பூசிய இரும்பும் பரவாயில்லை. ஆனால் மணலில் உராய்ந்து பூச்சுப் போனால் துரு தொடங்கிவிடும். துருப்பிடிக்காத உருக்குப் போல்டுக்கு அலுமினியத் தகடு போடுவது கெடுதல். உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்துபோகும்.

வளையம் இருக்கும் உயரமும் கவனிக்கத்தக்கது. மிக மேலே இருந்தால், உழவு இயந்திரத்தின் தாழ்ந்த கொக்கி படகின் மூக்கைக் கீழ்நோக்கி இழுத்து மணலைத் தோண்ட வைக்கும். வளையம் தாழ்வாக இருந்தால் மூக்கு இலேசாக நிமிர்ந்து வரும். படகும் அதிகம் தேயாது.

ஒரு நாணயம் போதும்

புதுப் படகு வாங்க வசதியில்லாதவர்களே நம்மில் அதிகம். பழைய படகின் வளையத்தைச் சோதிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. வளையத்தைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இம்மியும் அசையக்கூடாது. அதைச் சுற்றி மேற்பூச்சில் சிலந்தி வலைபோல் நுண்ணிய வெடிப்பு ஓடியிருக்கிறதா? பழுப்பு நிறத் துருக்கோடு வடிகிறதா? உட்பக்கம் பைபர் வெண்மையாக வெளிறியிருக்கிறதா? வெளிறிய இடத்தில் பசை இழையை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு ஒரு நாணயத்தை எடுத்து வளையத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டிங்’ என்று தெளிவாகக் கேட்கும். படை பிரிந்த இடத்திலும் உள்ளே மரம் ஊறிய இடத்திலும் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். தேங்காயைத் தட்டி வாங்கத் தெரிந்த கைக்கு இதற்குப் பயிற்சி வேண்டாம்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையையும் அப்படியே தட்டிப் பார்க்க வேண்டும். பல படகுகளில் அதற்குள் ஒட்டுப்பலகை வைத்து இருபுறமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பலகை உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. ட்ரெயிலரில் படகைக் கட்ட இந்தப் பின்பலகையில்தான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையங்கள் தேவைப்படுகின்றன. அவற்றைப் போடும்போது துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகக் குடைந்து, எப்பொக்சி ரெசினால் முழுதாக நிரப்பி, அது இறுகிய பின் நடுவே சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்போது போல்டைச் சுற்றி இருப்பது மரமல்ல, தண்ணீர் புகாத பசைச் சுவர். வேலை இரட்டிப்பு என்பது உண்மைதான். பின்பலகை முழுவதையும் மாற்றும் செலவைக் கேட்டுப் பார்த்தால் இந்த இரட்டிப்பு வேலை மலிவு.

தெருவில் போகும்போது மூக்கு வளையத்தை மட்டும் நம்பக்கூடாது. முன்னால் ஒரு கட்டு, அது அறுந்தால் பிடிக்க அதே வளையத்தில் ஒரு சங்கிலி, பின்னால் இரண்டு கட்டு. படகின் பாரம் அடியில் நடுவே ஓடும் ஏராவின் மேல் உட்கார வேண்டும். பக்கங்களில் பழைய ரயர் அண்டக் கொடுத்தால் உருளாது. நைலோன் கயிறு நனைந்தால் நீளும் என்பதால், ஐந்தாறு கிலோமீற்றர் போனதும் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்ப்பது நல்ல சாரதியின் பழக்கம். படகின் ஓரத்தில் தூக்குவதற்காக ஸ்குரூ ஆணியில் மாட்டியிருக்கும் கைபிடிகளில் கட்டவே கூடாது. அவை பிடுங்கிக்கொண்டு வருவதற்கு ஒரு குழி போதும்.

பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இழுபட்டு விறைத்து நிற்கும் நைலோன் கயிறு, கவண்வில்லின் றப்பரைப் போன்றது. வளையம் பிடுங்கினால் அது அந்த இடத்திலேயே விழுந்துவிடாது. நட்டும் போல்டும் தொங்க, கயிற்றோடு சேர்ந்து இழுக்கும் பக்கம் நோக்கிக் கல்லெறிபோலப் பறக்கும். அந்த நேரத்தில் கயிற்றின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது. அதைத் தாண்டிக் குதித்து விளையாடும் சிறுவர்களை விரட்டுவது கரையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருடைய வேலை. கயிறு விட்டதும் படகு பின்னோக்கி வழுக்கி இறங்கும். பின்பக்கம் நிற்பதும் ஆபத்து.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பின்

பைபர் வேலை செய்த சாரத்தையும் சேட்டையும் என்ன செய்கிறீர்கள்? மற்ற உடுப்போடு ஊறவைத்தால், கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி இழை கைக்குழந்தையின் துணிவரை ஒட்டிக்கொள்ளும். பிள்ளை இரவெல்லாம் சொறிந்து அழும். காரணம் தெரியாமல் நாம் பவுடர் போட்டுக்கொண்டிருப்போம். அந்த உடுப்பை வெளியே நன்றாக உதறி, தனியாகக் கழுவி, கழுவிய வாளியையும் இரண்டு முறை அலச வேண்டும். வேலை செய்தவர் தேய்க்காமல் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குளிப்பது அரிப்பைக் குறைக்கும்.

மிச்ச ரெசினையும் அசெற்றோனையும் குசினியில் வைக்கவே கூடாது. இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னர் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் மிகப் பயங்கரமானது. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைக் கெடுக்கும். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரெசினோடு சேர்க்கும் ஊதா நிறக் கோபோல்ட் திரவம் தனியாக வாங்கப்பட்டிருந்தால், அதையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும். பூட்டுள்ள பெட்டியில், வீட்டுக்கு வெளியே, நிழலில் ஒன்று. வேறொரு மூலையில் மற்றது. திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும்.